றாபியா டீச்சர் பார்க்காத கம்ப்யூட்டர்

“கொமருப் புள்ளைய கொழும்புக்கு அனுப்புற கதைய என்னோட கதைக்காதீங்க டீச்சர்” என்று சீனிமுகம்மது சொன்னபோது, றாபியா டீச்சர் அவர் வீட்டுக் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தாள். வைத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. கல்முனை முழுக்கத் தேடினாலும் ஒரு கம்ப்யூட்டர் கிடைக்காத காலம். கொழும்பில் ஏ.எல். படிக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு லீவு நாளில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது, ஆசிரியர் ஒருவரும் கூட வரலாம் என்று அறிந்து, யார் யாருக்கோ எழுதி, பதில் வராமல் மறுபடி எழுதி, ஒரு வருடம் மல்லுக்கட்டி வாங்கிய ஒரேயொரு இடம். அது சீனிமுகம்மதுவின் மகள் சுபைறாவுக்கு. கணக்கில் அவள் புலி. டீச்சர் லேசில் விடுவாளா?

“ஆரு தனிய அனுப்பச் சென்ன? வாப்பா, கூடப்பொறந்தவன் மாதிரி மஹ்ரமான ஆம்புளத் துண இல்லாம ஒரு பொம்புளயும் ஊர் தாண்டிப் போகப்படாதுதான். மார்க்கம் அதத்தானே சொல்லுது? வாப்பா நீங்களே கூட்டிட்டு வாங்க. நானும் வாறன். வகுப்புக்குள்ள நான் பாத்துக்குவன்.”

மார்க்கம் என்றதும் மனிதர் மடங்கிவிட்டார். கதவுச் சீலைக்குப் பின்னால் சுபைறா சிரித்தது வெளியில் கேட்டது.

அன்றிலிருந்து டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்ப்யூட்டரை அவளும் பேப்பரில் படமாகத்தான் கண்டிருக்கிறாள். ஒருதரம், ஒரேயொரு தரம் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வீடு தங்கைக்குச் சீதனமாகப் போய்விட்டது. கல்யாணமாகாத மூத்தவளான இவளுக்குப் பின்னறை. கடைக்குப் போய் ஒரு சாரி வாங்கிவந்து, அதைத் தனக்குத்தானே காட்டிக்கொண்டு, மடித்துப் பையில் வைத்தாள்.

தவணை முடிந்து லீவு விடும் நாளன்று சீனிமுகம்மது பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

“டீச்சர், உங்களோட ஆரு வாற?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். கூடப்பிறந்த காக்கா சவூதியில். தங்கை புருசன் மஹ்ரம் ஆகமாட்டான், மார்க்கப்படி அவனும் அந்நியன்தான்.

“நீங்க சென்னதத்தான் நானும் செல்றன். நான் அந்நிய ஆம்புள. என்னோட நீங்க வந்தா ஊர் என்ன கதைக்கும்? கோவிச்சிக்காதீங்க.”

அட, அன்றைக்கு இந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கக் கூடாதா! இப்போதும் மறுத்துப் பேசலாம். பேசினால் மகளையும் நிறுத்திவிடுவார்.

“ஓம், நீங்க செல்றது சரிதான். புள்ளைய பத்திரமா கூட்டிட்டுப் போங்க” என்றாள். வெண்கட்டி எடுக்கும் சாக்கில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லீவு முடிந்து வந்த சுபைறாவுக்கு வாய் ஓயவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் டீச்சரின் மேசையருகே நின்று அளந்துகொண்டேயிருந்தாள். அவள் சொன்னவற்றில் பாதி டீச்சருக்குப் புதிது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் கூச்சத்தை விட்டுக் கேட்டேவிட்டாள்.

“தொட்டா எப்பிடிப் புள்ள இரிக்கும்?”

சுபைறா சொல்லிப் பார்த்தாள். வரவில்லை.

“செல்லத் தெரியல்ல டீச்சர். நேர கண்டாத்தான் விளங்கும்.”

சொன்ன பிறகுதான் பிள்ளைக்கு உறைத்தது. முகம் சுருங்கிவிட்டது. சட்டென்று டீச்சரின் கையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்து, விரல் நுனிகளை எழுத்துத் தட்டுவதுபோல ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தினாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். மேசைப் பலகை மத்தியான வெக்கையில் இளஞ்சூடாக இருந்தது.