மூன்றாவது எழுத்து

தனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று இருக்கலாம் என்பதே அத்தானுக்குத் தெரியாது. கல்லறைக் கற்களில் பெயர் வெட்டும் பட்டறை ஒன்றை வைத்துக்கொண்டு, வாசலில் 'எந்த மொழியிலும் வெட்டித் தரப்படும்' என்று பலகை மாட்டியிருந்தார். அந்த எந்த மொழியையும் கட்டி மேய்த்தது அவருடைய மனைவியின் தங்கை. கம்ப்யூட்டரில் பெயரை அடித்து, அழகாக அமைத்து, வெட்டும் மெஷினுக்கு அனுப்புவது அவள் வேலை. அவர் அவளை 'டிசைன்காரி' என்று கூப்பிடுவார். அவள் மனதுக்குள் அவரைக் கூப்பிடும் பெயர்களை அச்சில் ஏற்ற முடியாது.

கணவனைப் பறிகொடுத்து ஆறு மாதமான ஒரு சீன அம்மாள் வந்தாள். கணவர் தன் கையாலேயே பெயர் எழுதி வைத்திருந்த தாளை மேஜைமேல் வைத்தாள். மூன்றே எழுத்து, மேலிருந்து கீழாக.

"முதல் ரெண்டும் எல்லா இடத்துலயும் வரும்மா. மூணாவதுதான் தகராறு. அவரோட தாத்தா எங்கேயோ தேடிப் பிடிச்சு வச்ச எழுத்து" என்றவள், பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பரப்பினாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்றாவது எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம். சங்கத்து உறுப்பினர் அட்டையில் ஒரு கேள்விக்குறி. இறப்புச் சான்றிதழில் மறுபடியும் கட்டம்.

"எங்க போனாலும், 'சிஸ்டத்துல அந்த எழுத்து இல்லம்மா'ன்னுடுவாங்க. அவரும் சரி சரின்னு திரும்பி வந்துடுவார். வாழ்நாள் பூரா அரைகுறைப் பேரோடவே போயிட்டார். கல்லுலயாவது முழுசா இருக்கட்டும்."

"அட, சீன எழுத்தெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு. கவலையை விடுங்க" என்றார் அத்தான், அந்தத் தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு. டிசைன்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் இரண்டு எழுத்தும் சட்டென்று வந்துவிட்டன. உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் அடித்தால், அதே ஓசையுள்ள சீன எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதைத் தட்ட வேண்டியதுதான். மூன்றாவதற்கும் வரிசை வந்தது, பக்கம் பக்கமாக. அவருடையது மட்டும் அதில் இல்லை. கடைசியில் தாளைப் பார்த்து மௌஸாலேயே கோடு கோடாக வரைந்து காட்டிக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைத்தாள். அது கண்டுபிடித்துக் கொடுத்ததும் திரையில் வந்தது அதே பாழாய்ப்போன கட்டம். கம்ப்யூட்டருக்குள் அந்த எழுத்துக்கு உரிய எண் இருக்கிறது, வரைந்து காட்ட உருவம் இல்லை. அந்த உருவம் உள்ள எழுத்துரு ஒன்றைத் தேடித் தன் கம்ப்யூட்டரில் ஏற்ற இரண்டு நாள் மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்தாள். எழுத்து முழுசாக வந்து நின்றபோது தனியாக உட்கார்ந்து கைதட்டினாள்.

இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. வெட்டும் மெஷினின் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு கிடையாது. அதனால் எழுத்தை ஒரு படம்போல வெறும் கோடுகளாக மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு சொடுக்குதான். இடைவெளியைக் காலையில் இன்னொரு தரம் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று கோப்பை அப்படியே சேமித்தாள். அத்தானிடம் தொடாதீர்கள் என்று சொல்ல எழுந்தாள். அவர் போனில் யாரிடமோ, "சீனத்துல ஐயாயிரம் எழுத்து, எல்லாம் நம்ம கைக்குள்ள" என்று அளந்துகொண்டிருந்தார். இந்த ஜென்மத்திடம் போய் எழுத்துருவை விளக்குவதா என்று உதட்டைச் சுழித்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது கல் வெட்டி முடிந்திருந்தது. கறுப்புக் கல்லில் வெள்ளை வெளேரென்று இரண்டு எழுத்து. அதற்குக் கீழே, ஒரு வெற்றுக் கட்டம்.

"என்ன அத்தான் இது?"

"காலையிலயே வந்து போட்டுட்டேன். நீ ஆடி அசைஞ்சு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா?"

"கட்டம் வெட்டியிருக்கீங்க."

"சீன எழுத்துன்னா கட்டம் கட்டமாத்தானே இருக்கும்? மூணுல இதுதான் ரொம்ப நீட்டா வந்திருக்கு."

அவள் தாளை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மூன்றாவது எழுத்தில் இருபதுக்குக் குறையாத கோடுகள் இருந்தன. அத்தான் தாளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். அப்புறம் வழக்கமான மந்திரத்தை எடுத்துவிட்டார்.

"மெஷின் கோளாறு."

எத்தனை முறை கேட்ட மந்திரம்! ஒருவருடைய பெயரில் பாதி காணாமல் போனபோதும் மெஷின் கோளாறுதான், இறந்த தேதியை இவர் மாற்றி அடித்தபோதும் மெஷின் கோளாறுதான். வாயில்லாத இரும்புமேல் பழியைப் போடும் ஆண்பிள்ளை! அவளுக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. வேறு கல் இருக்கிறதா என்று பார்த்தாள். அதே அளவில் வரப் பத்து நாளாகும். கல் நடுவதோ நாளைக்கு. அதற்காகவே வந்திருக்கும் பிள்ளைகள் நாளை மறுநாள் விமானம் ஏறுகிறார்கள்.

பத்து மணிக்கு வாசலில் வண்டி நின்றது. அத்தான் அவசரமாகக் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் கல்லின் முன் நின்றாள். முதல் எழுத்தை விரலால் தடவினாள். இரண்டாவதைத் தடவினாள். விரல் கட்டத்துக்கு வந்ததும் அப்படியே நின்றது. பிறகு டிசைன்காரியைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லாத அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

என் தப்பு, அம்மா. ஒரு சொடுக்கு பாக்கி வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லாமல் போனேன். இவ்வளவும் நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தாள்.

"எங்க மெஷின் சிஸ்டத்துல அந்த எழுத்து இல்லம்மா."

அந்த அம்மாள் தலையாட்டினாள். எத்தனையோ ஆபீஸ் கவுண்டர்களில் நின்று ஆட்டிப் பழகிய தலை.

"சரி சரி" என்றாள். மேஜைமேல் இருந்த தாளை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "வண்டியில ஏத்தச் சொல்லும்மா."