ரோதைமுனி குடித்த தேத்தண்ணி

கிருஷ்ணகுமாரியின் தேத்தண்ணிக் கடைக்கு விறகுச் செலவே கிடையாது. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ரோதையை, அதாவது அந்தப் பெரிய இரும்புச் சக்கரத்தைக் காவல் காக்கிற ரோதைமுனி விடிந்ததும் கடைக்கு வந்துவிடும். முழங்கால் உயரம், நரைத்த மீசை, உடம்பெல்லாம் கிரீஸ். அது அடுப்பை ஒரு தடவை ஊதினால் பொழுது சாயும்வரை நெருப்பு நிற்கும். அந்த நெருப்பை நம்பித்தான் புருஷனில்லாத அவள், தோட்டத்து வேலையிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு கடை போட்டாள். இனி எந்தக் கங்காணி ஏச்சும் கேட்கமாட்டேன் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

வருஷப் பூசையில் ஆம்பிளைகள் முனிக்குச் சாராயம் படைப்பார்கள். மறுநாள் அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும்.

“எனக்கு ஆகவே ஆகாது புள்ள. அவனுங்க மனசு நோகுமேன்னு வருசத்துக்கு ஒருக்கா குடிச்சுத் தொலைக்கிறேன். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு தேத்தண்ணி குடு.”

தொண்ணூற்றெட்டில் கம்பெனிக்காரன் ஸ்டோரை மூடி, ரோதையைப் பழைய இரும்புக்கு விற்றான். முனிக்கு இருக்க இடமில்லை. கோயில் கமிட்டி கூடியது. கோயிலுக்குப் பக்கத்தில் புதுக் கல் நட்டு முனியை வைப்பது என்று முடிவானது. நல்லதுதான். அதோடு விட்டார்களா? தலைவர் அழகமுத்து எழுந்து நின்று, “தெனமும் ஒரு போத்தல் சாராயம்!” என்றார். கைத்தட்டல் வேறு!

முனி திருதிருவென்று விழித்தபடி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கிருஷ்ணகுமாரியையே பார்த்தது. அதுக்குச் சாராயம் ஆகாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கமிட்டியில் பொம்பளை வாயைத் திறந்தால் என்ன நினைப்பார்களோ என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

மூன்று நாள் சாராயத்தைக் குடித்துப் பொறுத்தது பாவம். நாலாம் நாள் ரோதையை ஏற்ற லொறி வந்தபோது முனியும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கிருஷ்ணகுமாரி மூச்சிரைக்க ஓடினாள்.

“எறங்கு சாமி! நான் அவங்ககிட்ட சொல்றேன்.”

“அன்னைக்கு ஒன் வாயத்தானே புள்ள பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றது முனி. லொறி போய்விட்டது.

பிறகென்ன, ஈர றப்பர் விறகும் புகையும்தான். தேத்தண்ணி கொதிப்பதற்குள் வந்தவர்கள் எழுந்து போனார்கள். இரண்டே மாதத்தில் கடையைச் சாத்திவிட்டு, மறுபடி பேர் பதிய, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போனாள். அங்கே அழகமுத்து நின்றிருந்தார்.

“அது ஏன் போச்சுன்னே வெளங்கலயேம்மா” என்று வருத்தப்பட்டார்.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அடக் கடவுளே, தேத்தண்ணிதானா! அன்னைக்கே சொல்லியிருந்தா வாளி வாளியா ஊத்தியிருப்போமே. நாங்க என்னா ஒன்னய கடிச்சா தின்னுருப்போம்?”

அந்த மனுஷன் எரிந்து விழுந்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டு, நேரத்துக்கு வரத் தெரியாதா என்று ஏசினார்.

“வந்துட்டேனுங்க” என்றாள், களம் முழுக்கக் கேட்கும்படி.