பொட்டு வைத்தால் சொந்தம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்திதான் சூடாகும் என்று என் வீட்டுக்காரர் சீனிவாசலு சொல்வார். அவருக்கோ கோபம் என்பது பிறவியிலேயே கிடையாது. யாராவது அவர் காலை மிதித்தால்கூட, "பரவாயில்லீங்க, காலை அங்க வெச்சது என்ற தப்புங்க" என்பார். இப்படிப்பட்ட மனிதரையும் பங்காரம்மாளாகிய என்னையும் ஜோடி சேர்த்து, பீளமேட்டில் ஒரு மில்லுக்கு எதிரே இட்லிக் கடை போடவும் வைத்தானே, அந்தக் கடவுளைத்தான் சொல்ல வேண்டும்.

கடை என்றால் தென்னங்கீற்றுக் கொட்டகை. நாலு வருஷத்தில் மூன்று இடம் மாறியாகிவிட்டது. ஒரு தடவை ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம் என்றார்கள். ஒரு தடவை இடத்துக்காரருக்கு மச்சான் வந்து சேர்ந்தான். மூன்றாவது தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அடுப்பைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் திட்டியபடி முன்னால் நடப்பேன், அவர் போகிற வழியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பின்னால் வருவார்.

அறுபத்து மூன்றாம் வருஷம்தான் எங்களுக்கு ஒரு வழி பிறந்தது. மில் கேட்டுக்கு நேர் எதிரே வெங்கடம்மாள் என்ற அம்மாவுக்கு ஒரு ஓட்டுக் கட்டடம் இருந்தது. ஒரே அறை, பின்பக்கம் கிணறு. முன்பணம் நானூறு ரூபாய் கொடுத்தால் பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். பத்து வருஷம் யாரும் எங்களை எழுந்திரு என்று சொல்ல முடியாது. அதை நினைத்தே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"புரட்டாசி கடைசி வெள்ளி பொழுது சாயற வரைக்கும் பாப்பேன் அம்மணி. அதுக்கு மேல சைக்கிள் கடைக்காரருக்குக் குடுத்துப்போடுவேன். ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன். கோர்ட்டு, கேசுன்னு இருக்கறவங்களுக்கு நான் எடம் குடுக்கறதில்லை" என்றார் அந்த அம்மா.

எனக்கு என்ன கேஸ்? அரிசி டின்னுக்குள் நானூறு ரூபாய் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமையும் வந்துவிடும் என்று இருந்தேன்.

அதற்கு முன்னால் பாலகோபால் வந்தான். ஆவணி மாதக் கடைசி. வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, வாயில் தேன். டவுனில் இருக்கும் ஒரு மிஷின் கம்பெனியின் ஏஜெண்டாம். ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு என் கையைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"ஏனுங்க அக்கா, இந்தக் கையில இன்னுமா மாவாட்டறீங்க? கரண்டுல ஓடற ஆட்டுக்கல்லு வந்துருக்குதுங்க. ஒரு மாசம் சும்மா வெச்சு ஆட்டிப் பாருங்க. புடிச்சா வாங்குங்க. புடிக்கலீன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிர்றேன். நயா பைசா வேண்டாமுங்க."

"வேண்டாம்" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர், "அதுக்கென்னுங்க, ஆகட்டுங்க" என்றுவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்களிடம் இது ஒரு வியாதி. வாசலுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல நாக்கு வளையாது. கல் வந்து சேர்ந்ததற்கு என்று ஒரு அச்சடித்த தாளில் அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி இருந்தது. படித்துப் பார்க்க எனக்கு எங்கே நேரம், சட்னி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடையிலிருந்து கரண்டு இழுத்தோம். பொய் சொல்லக் கூடாது, மிஷின் நல்ல மிஷின். நான் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், அது பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருக்கும். மாவு வெண்ணெயாக வரும். ஆனால் விலை நானூற்றுப் பத்து ரூபாய். எனக்கு இடம்தான் பெரிது. மாசம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் பொட்டில்லாமல் ஒரு இரும்புச் சாமான் இருக்க முடியுமா? மில்லில் ஒவ்வொரு மிஷினுக்கும் மாலை. ரோட்டில் போகிற பஸ்ஸுக்கு வாழைக்கன்று. நாங்களும் கரண்டி, கத்தி, அருவாமனை, தராசு, இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் கழுவி வைத்தோம். என் வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்து, கடைசியில் அந்த மாவு மிஷினுக்கு முன்னால் நின்றார்.

"இது நம்முளுது இல்லீங்களே" என்றேன்.

"அதுக்காவ? இத்தனை நாள் நமக்காக ஒழைச்சுதில்ல. எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு இதை மட்டும் உட்டா மனசு கேக்குமா?" என்று மூன்று பொட்டு வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றினார்.

சரியாக அந்த நேரத்துக்குப் பாலகோபால் வந்து நின்றான். பொரியும் சுண்டலும் கொடுத்தேன். தின்றுகொண்டே மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதினான். என்ன என்று கேட்டால், "நல்ல நாளுங்க அக்கா, குறிச்சு வெச்சுக்கறேன்" என்றான்.

அவன் என்னத்தைக் குறித்தான் என்பது புரட்டாசிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் தபாலில் தெரிந்தது. நானூற்றுப் பத்து ரூபாய்க்குப் பில். கூடவே ஒரு கடிதம். சோதனைக் காலத்தில் பொருளைத் தம் சொந்தப் பொருளாகப் பாவிப்போர் அதை விலைக்கு வாங்கியவராகவே கருதப்படுவர் என்று அந்த எறும்பு வரியில் இருக்கிறதாம். நாலு பேர் பார்க்கப் பொட்டு வைத்துப் பூச்சூட்டிப் பூஜை செய்தது சொந்தமாகப் பாவித்ததுதானாம். ஒரு வாரத்தில் பணம் வராவிட்டால் கோர்ட்டாம்.

பணத்தைக் கட்டினால் இடம் போச்சு. கட்டாவிட்டால் கேஸ், அப்போதும் இடம் போச்சு. மூக்குத்தி சுட்டதா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அதில் அப்பளமே சுட்டிருக்கலாம். ராத்திரி முழுக்க நான் அழுதேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

விடிந்ததும் கடையைக்கூடத் திறக்காமல் டவுன் பஸ் ஏறினோம். கம்பெனி வாசலில் புத்தம்புதுக் கார் ஒன்று நின்றது. உள்ளே போனால் எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் பில்லும் கையுமாக நிற்கிறார்கள். வெள்ளகோவிலிலிருந்து வந்த நஞ்சுண்டன் என்ற கடலை வியாபாரிக்கு மூட்டை நிறுக்கும் தராசு. காங்கேயத்து அம்மணி ஒருத்திக்குத் தையல் மிஷின். பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. எல்லாச் சாமானும் ஆவணிக் கடைசியில் வந்திருக்கிறது. எல்லோரும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். அடப்பாவிகளா, நாள் பார்த்தல்லவா வலை விரித்திருக்கிறார்கள்.

முதலாளி பெயர் திருமூர்த்தி. சில்க் ஜிப்பா, விரலுக்கு ஒரு மோதிரம். பேச்சில் மட்டும் மரியாதைக்குக் குறைவில்லை.

"உக்காருங்க அம்மணி. மோர் சாப்புடறீங்களா? உங்களை யாருங்க பொட்டு வைக்கச் சொன்னாங்க? ஊரான் பொருளுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? பொட்டு வெச்சா அது வெச்சவங்களுக்குச் சொந்தமுங்க. கோர்ட்டுலயும் இதையேதான் சொல்லுவனுங்க" என்றார்.

"ஏனுங்க, இன்னொருக்காச் சொல்லுங்க. இவங்களுக்கெல்லாம் கேக்கட்டும்" என்றேன்.

"பொட்டு வெச்சா வெச்சவங்களுக்குச் சொந்தமுங்க" என்று உரக்கச் சொன்னார், பாவம்.

எனக்கு எப்படி அந்த யோசனை வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கம்பெனி மூலையில் லட்சுமி படம் இருந்தது. படத்துக்குக் கீழே சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வாசலுக்குப் போனேன். அந்தப் புதுக் காரின் முகத்தில் நடுவில் ஒன்று, இரண்டு கண்ணாடி விளக்கிலும் ஒவ்வொன்று என்று மூன்று பொட்டு வைத்தேன். தலையில் இருந்த கனகாம்பரத்தை எடுத்துக் கைப்பிடியில் சுற்றிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டேன்.

"சாவியைக் குடுங்க. என்ற ஊட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்க, அதனால தள்ளிட்டுத்தான் போகோணும்" என்று, பின்னாலேயே ஓடி வந்த முதலாளியிடம் கையை நீட்டினேன்.

நஞ்சுண்டனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பிடித்துக்கொண்டார். என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிப் போய் டெலிபோனுக்கு ஒரு பொட்டு வைத்தார். "வெள்ளகோவிலுக்கு இது ரொம்ப நாளா வேண்டியிருந்துதுங்க" என்றார். காங்கேயத்து அம்மணி நேராக இரும்புப் பெட்டிக்குப் போய், பட்டையாகச் சந்தனம் பூசி, என் சிமிழில் தொட்டுக் குங்குமமும் வைத்தாள். ஒருத்தர் மேஜைக்கு வைத்தார். ஒருத்தர் நாற்காலி மேல் ஏறி மின்விசிறிக்கு வைத்தார். வாசலில் கூட்டம் சேர்ந்து, என்ன ஏது என்று தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. பாலகோபால் கதவுக்குப் பின்னால் நின்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"ஏனுங்க, ஏனுங்க, இதென்னுங்க அக்கிரமமா இருக்குது" என்று முதலாளி அங்கும் இங்கும் ஓடினார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். மெதுவாக வந்து என் கையிலிருந்த சிமிழை வாங்கினார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதலாளிக்கு முன்னால் பணிவாக நின்று, அவருடைய நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. இனி நீங்களும் நம்மாளுதானுங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம். காலைல நாலு மணிக்கு எந்திருச்சா மாவாட்டிப்போடலாம். மிஷினைத்தான் நீங்க திருப்பி எடுத்துக்கப் போறீங்களே, எங்களுக்குக் கையால ஆட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமில்லீங்களா?"

அத்தனை மரியாதையாகச் சொன்னார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டது. எனக்கு அந்த மனிதரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பதினோரு வருஷம் கூடக் குடித்தனம் செய்து, இவருக்குக் கோபம் வராது என்று நினைத்திருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். வந்தால் இப்படித்தான் வருமாம்.

முதலாளியின் உதட்டோரத்திலும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. நெற்றியைத் துடைக்கப் போன கையைக் கீழே இறக்கினார். "பில்லை எல்லாம் கொண்டாங்க" என்றார். ஒவ்வொன்றின் மேலும் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சாமான்களைத் தன் வண்டியிலேயே வந்து எடுத்துக்கொள்வதாகவும் எழுதித் தந்தார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் காரைத் துடைத்துக் கொடுத்தேன்.

பஸ் கிடைக்க நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போய் டின்னிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வெங்கடம்மாள் வீட்டுக்குப் போனோம். சைக்கிள் கடைக்காரர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து மேற்கே சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் இன்னும் ஒரு பனை உயரம் இருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. ரத்தான பில்லைத்தான் முதலில் நீட்டினேன், பிறகு பணத்தை. அந்த அம்மா பில்லைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேசுன்னு டவுன்லருந்து வந்தவங்க சொன்னாங்க. அதைப் போன எடத்துலயே முடிச்சுட்டு வந்துபோட்டயாக்கும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

கட்டடத்தைத் திறந்து உள்ளே போனேன். வெறும் அறை, தரையெல்லாம் தூசி. நான் அப்படியே நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுகையிலேயே சிரிப்பும் வந்தது. என் வீட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மில்லில் சங்கு ஊதியது. ஷிப்டு விட்டு ஆட்கள் திமுதிமுவென்று ரோட்டைத் தாண்டி வந்தார்கள். காலையிலிருந்து கொட்டகை மூடிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் வாசலில் தயங்கி நின்றார்.

"ஏனுங்க அக்கா, மறுபடியும் எடத்தைக் காலி பண்ணச் சொல்லிப்போட்டாங்களா? இனி எங்க வந்து உங்களைத் தேடறதுங்க?"

நான் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"தேட வேண்டாமுங்க. நாளைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றேன்.