இராசநாயகத்தின் படகு மெத்தைகள்

தெல்லிப்பழை இராசநாயகம் ஒரே படகை மூன்று தடவை கடலில் இறக்கியவர். தீவு நோயாளிகளைக் குருநகருக்கு ஏற்றிவரும் அந்தப் படகுக்குக் கொடையாளர்கள் மூவர்: ரொறன்ரோ, லண்டன், சூரிச். மூவருமே அது தத்தம் தாயாரின் ஞாபகார்த்தமாக ஓடுவதாக நம்பினார்கள். நம்பிக்கையைக் காப்பாற்றியது வெல்க்ரோ. ஒரு நாடாவில் பொடி முள், மற்றதில் பஞ்சு. பெயர்ப்பலகைகளின் முதுகில் அதை ஒட்டிவிட்டால் வேண்டிய தாயாரை ஒட்டலாம், மற்ற இருவரையும் சர்ரென்று பிய்த்து ஆசனத்துக்குக் கீழே போடலாம்.

படகின் ஆசனப் பலகைகளில் அதே வெல்க்ரோவால் ஒட்டும் மெத்தைகள் நான்கையும் தைத்தவள் தீவிலிருக்கும் கிறிஸ்ரினா. கூலி வேண்டாம் என்றாள். அவளுடைய தாய் லூர்த்தம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் மீன்பிடி வள்ளத்தில், வலைக்குவியலில் படுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வருவாள். அம்மா இனி மெத்தையில் படுத்துப் போகவேண்டும். கிறிஸ்ரினா கேட்டது அவ்வளவுதான்.

"இதென்ன கேள்வி பிள்ளை, உங்களுக்காகத்தானே படகே," என்றார் இராசநாயகம்.

"அப்ப ஐயா, பஞ்சை ஆசனப் பலகையிலை ஒட்டி, முள்ளை மெத்தையின்ரை அடியிலை தைக்கிறன். மெத்தை கழண்டாலும் படுக்கிற ஆக்களுக்குக் குத்தாது."

"வேண்டாம். முள்ளு படகோடை கிடக்கட்டும். மெத்தையிலை இருந்தா என்ரை கார் சீற்றெல்லாம் நூல் இழுத்துப்போடும்."

படகு மெத்தைக்குக் காரில் என்ன வேலை என்று அவள் கேட்டிருக்கலாம். சந்தோஷத்தில் கேட்கவில்லை.

திறப்பு விழா அன்று லூர்த்தம்மாவை மெத்தையில் நோயாளியாகப் படுக்க வைத்தார்கள். உண்மையான நோயாளி என்பதால் நடிப்பு இயல்பாக இருந்தது. ரொறன்ரோ கைபேசியில் பார்த்து அழுதது. சர். பெயர்ப்பலகை மாறியது. லண்டன் அழுதது. சர். சூரிச் எடுக்கவில்லை. இரவு வேலை முடிந்து நித்திரையாம்.

படகு வெளிக்கிட முன்னர் மெத்தைகளும் பிய்க்கப்பட்டன. உப்புத்தண்ணீர் பட்டால் பழுதாம். பொலித்தீனில் சுற்றி முன்னுக்கு அடுக்கி, காற்றில் பறக்காமலிருக்க இராசநாயகமே மேலே உட்கார்ந்துகொண்டார். லூர்த்தம்மா வெறும் பலகையில், முள் நாடாக்களின் மேல் படுத்தாள்.

"ஐயா, மனிசி முள்ளிலை கிடக்குது," என்றான் படகோட்டி கொலின்ஸ்.

"ஒரு மணித்தியாலம்தானே தம்பி. சூரிச் இன்னும் மெத்தையைப் பாக்கேல்லை."

குருநகரில் அவளைத் தூக்கியபோது அதே சர் கேட்டது. இந்த முறை பிய்ந்தது சேலையும், காகிதமாய்ப் போயிருந்த முழங்கைத் தோலும்.

"பேசாதை பிள்ளை," என்றாள் லூர்த்தம்மா மகளிடம். "வலையிலை மீன் மணக்கும். இதிலை அதில்லைத்தானே."

அதன்பிறகு கிறிஸ்ரினா பழைய சாக்கு விரித்தாள். முள் சாக்கையும் தாண்டியது. மெத்தைகளோ தெல்லிப்பழையில், இராசநாயகத்தின் ஹோலில், அவருடைய சேவையைப் பாராட்ட வந்தவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தன.

மூன்றாம் மாதம் லூர்த்தம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள். பிரேதத்தைத் தீவுக்குக் கொண்டுபோகப் படகு வந்தபோது நான்கு மெத்தைகளும் போட்டிருந்தன. சூரிச் இப்போது விழித்திருந்தது. பெட்டியை மெத்தையில் வைத்து, சூரிச்சின் தாயாரைப் பின்னால் ஒட்டி, இராசநாயகம் கைபேசியைப் பிடித்தார். சூரிச் மற்ற இருவரையும்விடக் கூட அழுதது. உப்புத்தண்ணீரைப் பற்றி அன்று யாரும் கதைக்கவில்லை.

தீவு இறங்குதுறையில் பெட்டி இன்னும் தோளுக்கு ஏறி முடியவில்லை. அதற்குள் பின்னால் சர், சர் என்று கேட்டது.

"பிள்ளை," இராசநாயகம் கைபேசியைப் பார்த்தபடியே கிட்ட வந்தார். "பெட்டி உரஞ்சி மெத்தை ஒரு மூலை பிரிஞ்சு போச்சு. அடக்கம் முடிய ஒருக்கால் தைச்சுத் தாறியோ?"

"ஓம் ஐயா. நாலையும் தந்திட்டுப் போங்கோ," என்றாள் கிறிஸ்ரினா. "இந்த முறை முள்ளை மேல்பக்கமா வைச்சுத் தைச்சுத் தாறன். ஹோலிலை போடுங்கோ."

சூரிச் ஏதோ எழுதியிருந்தது. அவர் அதை வாசித்துக்கொண்டிருந்தார்.

"வடிவா இருந்தாக் காணும் பிள்ளை," என்றார்.