கதவைச் சாத்தினப்புறம்

இவனுக்கு வயசு இருபத்தி மூணு. பேரு ஒண்ணு இருக்கு, ஆனா வீட்ல "சென்ட்டு"ன்னு கூப்பிட்டாதான் திரும்புவான். இருக்கிறது சொந்த ஊரை விட்டு ரொம்ப தூரத்துல, ஒரு பெரிய ஓட்டலுக்குப் பின்தெருவுல, மாடி வீடு. அண்ணன், அண்ணி, இவன். மூணு பேரும் சமையக்கட்டுல நின்னா ஒருத்தர் வயித்தை எக்கிக்கணும், அவ்வளவுதான் இடம்.

அந்த ஓட்டல்ல ரூம் சுத்தம் பண்றதுதான் வேலை. அங்க ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் முடிச்சதும் வாசல்ல நின்னு, ரூமுக்குள்ள வாசனை ஸ்ப்ரேயைப் புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சு, கதவைப் படக்குன்னு சாத்திட்டு அடுத்த ரூமுக்கு ஓடணும். பின்னாடி வர்ற சூப்பர்வைசர் அம்மா முதல்ல மூக்கைத்தான் உள்ள விடுவாங்க. மணந்தா பாஸு.

அது இவன் கையில ஊறிப்போச்சு. காலையில நெடி அடிக்கிற லோஷனை ஊத்தி வீட்டையும் துடைப்பான். வாசனை போயிடுமேன்னு ஜன்னலை இழுத்து மூடுவான். வாசல்ல நின்னு புஸ்ஸு, கதவு படக். கிளம்பிடுவான்.

உள்ள இருந்தது அண்ணி. வீட்லயே மிஷின் போட்டு துணி தைக்கிறவங்க. கொஞ்ச நாளா அவங்களுக்கு இருமல், நெஞ்சு இறுக்கம். ஒரு காலர் தைக்கிறதுக்குள்ள மிஷினை நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்துச்சு. "இப்படியே போனா அவங்கம்மா வீட்டுக்குத்தான் அனுப்பணும்"னு அண்ணன் சொன்னதும் இவன் பதறிப்போனான். சும்மாவே எதுக்கெடுத்தாலும் பயப்படுற ஆளு. இந்த ஊர்ல "சாப்பிட்டியா"ன்னு கேக்கறது அண்ணி ஒருத்தங்கதான்.

தூசிதான் காரணம்னு முடிவு கட்டினான். அண்ணி இரும இரும, இவன் லோஷனைக் கூட ஊத்தினான்.

"டேய் சென்ட்டு, தரை தேய்ஞ்சு கீழ்வீட்டுக்காரர் மடியில போய் விழப்போறோம்டா"ன்னான் அண்ணன்.

"நீ சும்மா இருண்ணா. அண்ணிக்குச் சரியாகணும்ல."

அப்புறம் ஒரு லீவு நாள். துடைச்சான், ஜன்னலை மூடினான், வாசல்ல நின்னு அடிச்சான், கைப்பழக்கத்துல கதவைப் படக்குன்னு சாத்தினான். சாத்தினப்புறம் பார்த்தா, இவன் உள்ள நிக்கிறான்! இத்தனை நாள்ல, தான் அடிச்ச வாசனைக்குள்ள இவன் நின்னதே இல்லை. கண்ணு கரிச்சுது, தொண்டையில முள்ளு மாதிரி அரிப்பு. மிஷின் பக்கத்துல அண்ணி இரும ஆரம்பிச்சாங்க.

"அண்ணி, தினமும் இப்படியா இருக்கும்?"

"நீ போனதும் இருக்கும் தம்பி. மத்தியானத்துக்கு மேல தேவலாம்."

"சொல்லக் கூடாதா?"

"வாசனை இருமல் குடுக்கும்னு நான் என்னத்தைக் கண்டேன்? நானும் தூசின்னுதான் நினைச்சேன்."

ஜன்னல், கதவு எல்லாத்தையும் திறந்து போட்டுட்டு ரெண்டு பேரும் மாடிப்படியில போய் உக்காந்தாங்க. வெளிய போயிட்டு வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். "உன் பாசம் மூச்சு முட்ட வைக்குதுடா!"

அன்னிக்கே டாக்டர்கிட்ட போனாங்க. "வீட்ல என்னல்லாம் அடிக்கிறீங்க?"ன்னு அவர் கேட்டதும் அண்ணனும் அண்ணியும் ஒண்ணா இவனைத் திரும்பிப் பார்த்தாங்க. லேசான ஆஸ்துமா, இந்த மாதிரி ஸ்ப்ரேயும் லோஷனும் அதைக் கிளப்பி விடும்னு சொல்லி, வாயில வச்சு மூச்சோட இழுக்கிற இன்ஹேலர் ஒண்ணு குடுத்தார். அழுக்கு போக சோப்புத் தண்ணி போதும், ஜன்னலைத் திறந்து வைங்க, கறை போக்குற பிளீச்சை மட்டும் வேற எந்த லோஷனோடயும் கலந்துடாதீங்க, விஷக் காத்து வரும்னார்.

இப்ப வீட்ல சோப்புத் தண்ணியும் ஒரு பழைய துணியும்தான். ஓட்டல்லயும் இவன் முதல்ல ஜன்னலைத் திறக்கிறான். துடைக்கிற லோஷனைக் காத்துல அடிக்காம துணியில ஊத்தித் துடைக்கிறான். "என்னப்பா, மணக்கலையே?"ன்னாங்க சூப்பர்வைசர் அம்மா. "தொட்டுப் பாருங்கம்மா"ன்னான். மேஜை மேல விரலை ஓட்டினாங்க, விரலைப் பார்த்தாங்க, அடுத்த ரூமுக்குப் போனாங்க.

இருமல் முழுசாப் போகலை. ஆனா அம்மா வீட்டுப் பேச்சு நின்னுருச்சு. அண்ணி ஒரு சட்டையை ஒரே மூச்சுல தைச்சு முடிக்கிறாங்க. காலையில கிளம்பும்போது மட்டும் இவன் கை தானா மேல போகும். வெறும் கையை நீட்டி, வாயாலயே "புஸ்ஸு"ன்னு சொல்லிட்டு ஓடுவான். உள்ள இருந்து சிரிப்பு கேக்கும்.

இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, வீட்ல எதையாவது அடிச்சிட்டு வெளிய கிளம்புறவங்களா இருந்தா, ஜன்னலைத் திறந்து வச்சிட்டு, உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.