எடைக்கல்

மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, குழாயை உதடுகளுக்குள் இறுக்கி, அவள் ஊதினாள். திரையில் கோடு ஏறியது. வழக்கமாகத் தொடும் உயரத்தைத் தொடும் முன்பே களைத்துச் சாய்ந்தது.

“மறுபடி ஊது,” என்றாள் அக்கா.

அந்த மூச்சுப் பரிசோதனை அறையில் வேலை செய்பவர்கள் இருவர்தான். வேலையில் மூத்தவளான அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. அதனால் நோயாளிகள் வருவதற்கு முன் ஊதி மெஷினைச் சோதிக்கும் பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இவளுடையது. ஆரோக்கியமான ஒருத்தியின் மூச்சு சட்டென்று மாறாது. மாறினால் கோளாறு மெஷினில். அதுதான் அங்கே கணக்கு. புதிதாக யார் வந்தாலும் அக்கா, “இவதான் எங்க எடைக்கல்லு. கடைக்காரன் கல்லு மாதிரி தேஞ்சது இல்ல, சுத்தமான கல்லு,” என்று சொல்லிச் சிரிப்பாள். கேட்கும்போதெல்லாம் இவளுக்குக் காதுமடல் சூடாகும். இந்த ஊரில் இவளைப் பற்றி யாரும் சொல்லும் ஒரே நல்ல வார்த்தை அது.

வேலை முடிந்து வீடு திரும்பினால் பேச ஆளில்லை. ஒற்றைக் கட்டில், சுவரோடு ஒட்டிய அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் முதுகு. அம்மா போனில் “சாப்டியா?” என்பாள், இவள் “சாப்டேன்” என்பாள், அதற்குமேல் இருவரிடமும் சரக்கு இருக்காது. கூடத் தங்கியிருந்த பெண் கல்யாணமாகிப் போகும்போது, “போரடிச்சா இழுத்துப் பாரு,” என்று விளையாட்டாக வேப் என்கிற மின்சிகரெட் ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். தர்பூசணி வாசனை. இழுத்தால் நுனியில் நீல விளக்கு எரியும். யாரோ கண் திறந்து தன்னைப் பார்ப்பது போலிருக்கும். அது தீர்ந்ததும் தானே வாங்கத் தொடங்கினாள். வெறும் ஆவிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாடி ஏறும்போது நெஞ்சு இறுகியதை மட்டும் தனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

கோடு நாளுக்கு நாள் தாழ்ந்ததும் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அளவு தெரிந்த காற்றைத் தள்ளும் பெரிய உலோகக் குழலை மாட்டிப் பார்த்துவிட்டு, “மெஷின் ஜம்முனு இருக்கு மேடம்,” என்றார் அவர்.

“உங்க இரும்பு ஆயிரம் சொல்லும். இவ மூச்சு பொய் சொல்லாது. கழட்டிட்டுப் போங்க,” என்றாள் அக்கா.

அவர் இவளை ஒரு கணம் பார்த்தார். இவள் கிளிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கடைசியாக வந்தவன் ஒரு கல்லூரி மாணவன். மாதக்கணக்கில் விடாத இருமல். எத்தனை முறை ஊதியும் கோடு பாதியிலேயே படுத்துக்கொண்டது. குழாயைக் கழற்றக் குனிந்தபோது அவன் சட்டையிலிருந்து வந்த தர்பூசணி வாசனை இவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை.

“பயந்துடாதப்பா, மெஷின்தான் மக்கர் பண்ணுது,” என்றாள் அக்கா. “புதுசு வந்ததும் கூப்பிடறோம்.”

“அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா? நல்லவேளை. எங்கம்மா என்னைக் கொன்னே போட்டிருப்பாங்க.” சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கதவு சாத்திக்கொண்டது. படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கி மறைவது வரை இவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“அக்கா, மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

அக்கா நிமிர்ந்தாள். இவள் கைப்பையின் உள்ளறையிலிருந்து வேப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். அக்கா அதைத் தொடவில்லை. திரைப் பக்கம் திரும்பி, இவள் காலைதோறும் ஊதிய கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

கடைசியையும் மூடிவிட்டு, திரும்பாமலே, “அந்தப் பையன் போயிட்டானா பாரு,” என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

இவள் படிகளில் இறங்கி ஓடினாள். சாலைக்கு அப்பால் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான். முகத்தைச் சுற்றி வெள்ளையாக ஆவி கலைந்துகொண்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. எப்படியோ சாலையைக் கடந்து போய் நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா, எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?”

நெஞ்சுக்குள்ளிருந்து விசில் போல் ஏதோ கிளம்பியது, சொல்லாக மாறவில்லை. ஒரு கையைத் தூக்கி, இரு என்று காட்டினாள். பேருந்து வந்து நின்று கதவு திறந்தது. அவன் ஒரு காலைப் படியில் வைத்தபடி அவள் முகத்தையே பார்த்தான். ஓட்டுநர் கண்ணாடியில் இருவரையும் பார்த்துக்கொண்டு, கதவை மூடாமல் காத்திருந்தார்.