காற்று அடிப்பது ரொம்ப ஈஸி

கடையில் அவருக்கு டெமோக்காரர் என்று பெயர். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, தரை துடைக்கும் இயந்திரம் என்று எதை மேசைமேல் வைத்தாலும் நாலு பேர் கூடும்படி இயக்கிக் காட்டுவது அவர் வேலை. "பாருங்க, எவ்வளவு ஈஸி" என்பார். கூட்டம் தலையாட்டும். வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு வீட்டில் அது ஏன் அத்தனை ஈஸியாக வரவில்லை என்பது பழுது பார்க்கும் பிரிவின் கவலை. அந்தப் பிரிவு வேறு மாடியில் இருந்தது.

அப்பேர்ப்பட்டவரை அவருடைய மோட்டார் சைக்கிள் மண்டியிட வைத்தது. பின் சக்கரத்தில் காற்று அடிக்கும் ரப்பர் வால்வு, பிரேக் தட்டுக்கும் செயின் ஓடும் பல்சக்கரத்துக்கும் நடுவில் குட்டையாக ஒளிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் நிலையத்துக் காற்றுக்குழாயின் தலையோ தடிமன். உள்ளே நுழைக்கவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. சூடான தட்டில் விரல் படும், முழங்காலில் கிரீஸ் ஒட்டும், குழாய் சரியாக உட்காராமல் உள்ளே இருந்த காற்றும் புஸ்ஸென்று போகும். பின்னால் நிற்கிற கார்க்காரர் ஹாரன் அடிப்பார். மனைவி ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓரமாக நிற்பாள். அவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். வெறும் வயிற்றோடு வந்து அவளுக்காக உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள் அவள் கண்முன் வந்து போகும்.

"வந்தப்ப இருந்த காத்தாவது மிச்சம் இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அந்தக் கேள்வி அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு சின்னப் பித்தளைத் துண்டை எடுத்து வைத்தார். மடக்கிய முழங்கை மாதிரி இருந்தது. ஒரு முனையை வால்வில் திருகிவிட்டால் மறுமுனை பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். குழாயைச் சிரமமில்லாமல் செருகலாம்.

"காத்து அடிக்கறப்ப மாட்டிக்குங்க. முடிஞ்சதும் கழட்டிடுங்க" என்றார் கடைக்காரர்.

டெமோக்காரர் முதல் வாக்கியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் மாட்டிக் கழற்றுவதென்றால் அப்புறம் அதில் என்ன ஈஸி?

கையோடு ஒரு சின்ன மின்சாரப் பம்பும் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை, குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் அரங்கேற்றம். இரண்டாம் மாடி வங்கிக்காரரும் எதிர்வீட்டு இசை டீச்சரும் வண்டி எடுக்க வந்தவர்கள், நின்று பார்த்தார்கள். குழாய் டக்கென்று உட்கார்ந்தது, பம்பு உறுமியது, அதன் அழுத்தம் காட்டும் முள் ஏறியது. கை கழுவக்கூட வேண்டியிருக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் வங்கிக்காரர்.

"இவ்வளவுதான்."

அந்த வாரமே இருவர் வண்டியிலும் பித்தளை முழங்கை முளைத்தது.

கொஞ்ச நாளில் டெமோக்காரரின் டயர் காலையில் சற்றே தொய்ந்து காணப்பட்டது. அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிக்க இத்தனை வசதி இருக்கும்போது கொஞ்சம் குறைந்தால்தான் என்ன? பல் துலக்கிய கையோடு கீழே இறங்கிக் காற்று அடிப்பார். வங்கிக்காரரும் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருப்பார்.

"முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவைதான் அடிப்பேன்" என்றார் வங்கிக்காரர்.

"அது தப்பு. தினம் புதுக் காத்து போனா டயருக்கு நல்லது" என்றார் டெமோக்காரர். அப்படி ஒன்று இருப்பதாக அவருக்கே அப்போதுதான் தெரியும்.

மனைவி மட்டும் மசியவில்லை. "ஊசி உள்ள ஈஸியா போயிட்டா வேலை முடிஞ்சதுன்னு நான் நினைச்சா என்ன ஆகும்? எடுத்தப்புறம் பஞ்சு வெச்சு அழுத்தணும். உள்ள போறது பெரிசில்ல, நிக்குதான்னு பாருங்க."

"டயருக்கும் நரம்புக்கும் முடிச்சுப் போடாத" என்றார் அவர்.

அவளுடைய தங்கைக்குப் பதிவுத் திருமணம் நிச்சயமானது. சாட்சிக் கையெழுத்துப் போட அக்காவும் மாமாவும்தான் வரவேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். டெமோக்காரர் கோட்டு அணிந்துகொண்டார். டயரில் வழக்கத்தைவிடக் கூடுதலாக, மங்கலமாக இருக்கட்டும் என்று, காற்று அடித்தார்.

புறவழிச்சாலையில் பாதி தூரம் போனதும் வண்டி பின்னால் பாம்பு மாதிரி நெளிந்தது. ஓரம் கட்டினார். டயர் சப்பிப்போய்த் தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஒண்ணும் கவலைப்படாத, பம்பு இருக்கு" என்றார். காற்று அழகாக ஏறியது. ஏறிய காற்று ஏறிய வேகத்திலேயே வெளியேறியது. மறுபடி அடித்தார். மனைவி குனிந்து, விரலில் எச்சில் தொட்டு வால்வின் அடியில் வைத்தாள். குமிழி குமிழியாகக் கொப்பளித்தது.

"அந்தப் பித்தளை சுத்தற வேகத்துல ரப்பர இழுத்து இழுத்துக் கிழிச்சிருக்கு" என்றாள். "இது தெரியாம தினம் காத்து அடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"ஆனா அடிக்கறது எவ்வளவு ஈஸியா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் கைகாட்டி ஒரு டாக்சியை நிறுத்தினாள். வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. "நீங்க அடிச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப் போனாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு டயர் கடையைக் கண்டுபிடித்து, ரப்பர் வால்வை எடுத்துவிட்டு, பிறப்பிலேயே வளைந்த கெட்டியான உலோக வால்வு ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது பதிவாளர் வேறு ஜோடியைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டாவது சாட்சியாக டாக்சி ஓட்டுநர் கையெழுத்துப் போட்டிருந்தார். குடும்பப் படத்தில் மாமா நிற்கவேண்டிய இடத்திலும் அவரே சிரித்துக்கொண்டு நின்றார். "டிரைவர் நல்ல மனுஷன், மாமா. சாப்பிட்டுட்டுதான் போகணும்னு இருக்கச் சொல்லியிருக்கோம்" என்றாள் மைத்துனி.

அன்றிரவுதான் டெமோக்காரருக்கு ஒன்று உறைத்தது. இசை டீச்சர் தினமும் அதே புறவழிச்சாலையில்தான் போகிறாள். தான் இயக்கிக் காட்டிய பொருளைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

காலையில் இருவரையும் நிறுத்திச் சொன்னார். "அத கழட்டிடுங்க. ஆபத்து. வளைஞ்ச வால்வாவே போட்டுக்கணும். அதுதான் சரி."

வங்கிக்காரர் சிரித்தார். "புது மாடல் வந்துடுச்சா? இதுல உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?"

"நல்லாத்தானே இருக்கு. தினம் அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் டீச்சர். எவ்வளவு சொல்லியும், விற்கத் தெரிந்த வாய்க்கு எச்சரிக்கத் தெரியவில்லை. அவர் வற்புறுத்த வற்புறுத்த அவர்களுக்குச் சந்தேகம்தான் வலுத்தது.

வேறு வழி தெரியாமல், விடுமுறை நாளில் ஊரே மதியத் தூக்கத்தில் இருக்கும்போது கீழே இறங்கினார். டீச்சரின் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பித்தளையைத் திருகினார். இறுகிப் போயிருந்தது. பலமாகத் திருகியதில், ஏற்கெனவே நைந்திருந்த ரப்பர் வால்வு அடியோடு கையில் வந்தது. காற்று நெடுநேரம் சீறிக்கொண்டு வெளியேறியது.

நிமிர்ந்தால் குடியிருப்பின் காவலாளி நின்றுகொண்டிருந்தார்.

"சார், இது உங்க வண்டி இல்லயே."

"தெரியும். காப்பாத்தத்தான் பண்றேன்" என்றார் டெமோக்காரர்.

காவலாளி தட்டையாகிவிட்ட டயரைப் பார்த்தார், அவர் கையிலிருந்த வால்வைப் பார்த்தார். "சரிங்க சார். மேல போய் டீச்சரக் கூட்டிட்டு வரேன். நீங்களே அவங்க கிட்ட சொல்லிடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் படியேறினார்.